மீந்த மரக்கறியும் விருந்தாகும்!
வீட்டிலேயே மினஸ்ட்ரோனி சூப்

ஒரு கரட், பாதிக் கோவா, வாடத் தொடங்கிய நாலைந்து போஞ்சி, தனித்துப் போன ஓர் உருளைக்கிழங்கு... மாதக் கடைசியில் நம் மரக்கறிக் கூடையில் பெரும்பாலும் இவைதான் கிடக்கும். எதை எடுத்துச் சமைத்தாலும் வீட்டிலுள்ளவர்களுக்குக் காணாது. வீசவோ மனம் வராது. இரண்டு நாள் கழித்து அழுகிய பிறகு வீசத்தான் வேண்டியிருக்கும். காசு கொடுத்து வாங்கிய உணவு இப்படி வீணாகும்போது எந்தத் தாயின் மனந்தான் வருந்தாது?

இதே கவலை இத்தாலி நாட்டுக் கிராமத்துத் தாய்மாருக்கும் இருந்தது. கூடையில் மிஞ்சியதையும், தோட்டத்தில் கிடைத்ததையும், காய வைத்திருந்த பருப்பு வகைகளையும் ஒரே பானையில் இட்டு அவர்கள் காய்ச்சியதே மினஸ்ட்ரோனி. இன்று பெரிய ஹோட்டல்களில் நல்ல விலைக்கு விற்கப்படும் இந்த சூப் ஏழைகளின் அடுப்படியில் பிறந்தது. இத்தாலிய மொழியில் 'மினெஸ்த்ரா' என்றால் சூப். இறுதியில் வரும் 'ஓனே' என்ற ஒலி பெரியது என்பதைக் காட்டும். ஆக, இது 'பெரிய சூப்'. ஒரு கோப்பை குடித்தால் இராச் சாப்பாடே முடிந்துவிடும்.

பழி சுமந்த சூப்

இந்த சூப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. இத்தாலிய வீட்டுச் சமையலுக்குப் பெயர்போன நூலை 1891இல் வெளியிட்டவர் பெல்லெக்ரினோ அர்த்தூசி. அவர் 1855இல் லிவோர்னோ என்ற துறைமுக நகருக்குப் போயிருந்தபோது, ஓர் உணவகத்தில் மினஸ்ட்ரோனி சாப்பிட்டார். அன்றிரவு முழுவதும் வயிற்று வலி. "எல்லாம் அந்த சூப்பின் வேலை" என்று எண்ணிக்கொண்டு மறுநாள் புளோரன்ஸ் நகருக்குப் போய்விட்டார். பிறகுதான் செய்தி வந்தது: லிவோர்னோவில் வாந்திபேதி பரவிவிட்டது, அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரும் அதற்குப் பலியாகிவிட்டார். பழி நீங்கிய சூப்பின் செய்முறையைத் தமது நூலில் இந்தக் கதையுடனேயே அவர் எழுதி வைத்தார்.

நானும் ஒரு தடவை இந்த சூப்பின் மீது பழி போட்டவள்தான். முதன்முறை செய்தபோது எல்லா மரக்கறிகளையும் ஒன்றாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, பிரஷர் குக்கரில் வைத்துவிட்டேன். உருளைக்கிழங்கு கரைந்தது, கோவா மணத்தது, மெக்கரோனி களியானது. வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் குடித்தார். சின்ன மகள் மட்டும், "உம்மா, இது சூப்பா, கூழா?" என்று கேட்டாள். பிழை சூப்பில் இல்லை, என் அவசரத்தில் என்று பிறகே விளங்கியது. இந்த சூப்புக்குள் எந்த மரக்கறியும் வரலாம். ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் முறைக்குத்தான் வரவேண்டும்.

தேவையான பொருட்கள் (6 பேருக்கு)

பம்பாய் வெங்காயம் – 1
கரட் – 2
செலரித் தண்டு – 1 (இல்லையெனில் லீக்ஸ்)
வெள்ளைப்பூடு – 2 பல்
தக்காளி – 3
உருளைக்கிழங்கு – 1
போஞ்சி – 100 கிராம்
நறுக்கிய கோவா – 2 கோப்பை
அவித்த கௌப்பி அல்லது கடலை – 1½ கோப்பை
சிறிய மெக்கரோனி – ½ கோப்பை
எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
தண்ணீர் – 7 கோப்பை
உப்பு, மிளகுத்தூள் – அளவாக

செய்முறை

கௌப்பி அல்லது கடலையை முதல்நாள் இரவே ஊறவைத்து அவித்துக்கொள்ளுங்கள். மரக்கறிகளை ஒரே அளவுச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள்.

முதலில் வெங்காயம், கரட், செலரி மூன்றையும் எண்ணெயில் இளந்தீயில் 12 முதல் 15 நிமிடம் வரை வதக்குங்கள். சிவக்க விடக்கூடாது. சூப்பின் ருசி முழுவதும் இந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. இதை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். வெள்ளைப்பூட்டை ஒரு நிமிடம் வதக்கி, தக்காளியைச் சேர்த்துக் குழைய விடுங்கள்.

பின்னர் உருளைக்கிழங்கையும் தண்ணீரையும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். அடுத்து போஞ்சியும் கோவாவும். இன்னும் 15 நிமிடம். இப்போது அவித்த கௌப்பியில் கால் பங்கை மசித்து, மீதியை முழுசாகவே போடுங்கள். மசித்த பங்கு சூப்பைத் தடிப்பாக்கும், கோன்ஃபிளவர் தேவையில்லை. கடைசியாக மெக்கரோனியை இட்டு, வெந்ததும் உப்பும் மிளகும் சேர்த்து இறக்குங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பரிமாறினால் ருசி கூடும்.

ஊருக்கு ஒரு விதம்

மிலான் நகரத்தார் மெக்கரோனிக்குப் பதில் அரிசி சேர்ப்பர். வெயில் காலத்தில் ஆறவைத்தே சாப்பிடுவர். நாம் அரைக் கோப்பை சம்பா அரிசியைக் கழுவிச் சேர்த்து, வேகும்வரை கிளறிக் கொடுக்கலாம்.

ஜெனோவா நகரத்தார் 'பெஸ்தோ' என்ற பச்சைத் துவையல் ஒன்றைக் கலப்பர். பேசில் இலை, வெள்ளைப்பூடு, பைன் விதை, சீஸ், ஒலிவ் எண்ணெய் ஆகியவற்றை இடித்துச் செய்வது அது. பைன் விதைக்குப் பதில் முந்திரிப்பருப்பு போடலாம். சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே கலக்கவேண்டும். கொதித்தால் மணம் போய்விடும்.

தொஸ்கானாப் பகுதியினரோ மீந்த பாணையும் வீணாக்குவதில்லை. பழைய பாண் துண்டுகளை மீந்த சூப்புடன் சேர்த்து மறுநாள் மீண்டும் கொதிக்கவைப்பர். 'ரிபொல்லித்தா' என்ற அதன் பெயருக்கே 'மறுபடி கொதித்தது' என்றுதான் பொருள். நம் வீட்டில் மிஞ்சும் இறாத்தல் பாணின் ஓரத் துண்டுகளுக்கும் இது நல்ல வழி.

இவற்றில் எது அசல் என்று கேட்காதீர்கள். இன்று இந்த சூப்பில் முக்கியமாக இருக்கும் தக்காளியும் உருளைக்கிழங்கும்கூட 1492க்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தவைதாம். அவை சேர முடியுமென்றால் நம் பூசணிக்காயும் கீரையும் ஏன் சேரக்கூடாது?

நாம் கவனிக்க வேண்டியவை

இத்தாலியில் இந்த சூப்பைப் பன்றிக் கொழுப்பில் அல்லது 'பஞ்செத்தா' என்ற பன்றி இறைச்சியுடன் தாளிக்கும் வழக்கம் உண்டு. 'மரக்கறி சூப்தானே' என்று எண்ணி வெளியிலோ வெளிநாட்டிலோ வாங்கிக் குடிக்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கட்டிலும் டின்னிலும் வருவதன் சேர்மானங்களையும் வாசியுங்கள். மேலே தூவும் பார்மேசான் சீஸில், இத்தாலியில் செய்யப்படும் அசல் வகை கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையைக் கொண்டே தயாராகிறது. பெஸ்தோவில் சேர்வதும் இத்தகைய சீஸ்தான். ஹலால் என்ற தெளிவில்லாத சீஸை விட்டுவிடுங்கள். பொறுமையாக வதக்கிய வெங்காயம் அந்தக் குறையைத் தெரியாமல் செய்துவிடும்.

கௌப்பிக்குப் பதிலாகச் சிறுநீரக வடிவிலுள்ள பெரிய சிவப்பு அவரை விதையைப் பயன்படுத்துவோர் மிகக் கவனமாக இருக்கவேண்டும். அரைவேக்காட்டில் உண்டால் அதிலுள்ள நச்சுப்பொருள் கடும் வாந்தியை உண்டாக்கும். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அரை மணி நேரமாவது தளதளவெனக் கொதிக்கவைத்து, நன்கு மெத்தென ஆகும்வரை அவியுங்கள்.

மறுநாளைக்கும் வேண்டுமானால் மெக்கரோனியைத் தனியாக அவித்து, பரிமாறும்போது சேருங்கள். இல்லாவிட்டால் அது சாற்றையெல்லாம் குடித்து ஊதிவிடும். சூப்பை இரவெல்லாம் அடுப்பின் மேலேயே விட்டுவிடாமல், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். தேவையான அளவை மட்டும் எடுத்து, நன்கு கொதிக்கவைத்துக் குடிக்கவேண்டும்.

கோவாவைக் கண்டாலே முகஞ்சுழிக்கும் பிள்ளைகளும் இந்த சூப்பில் அதைப் பிரித்தெடுக்கச் சிரமப்பட்டு, சும்மா குடித்துவிடுவார்கள். இரண்டாம் முறை பொறுமையாகச் செய்து வைத்தபோது, முன்பு கேள்வி கேட்ட அதே மகள் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் தாங்க உம்மா" என்றாள். வாடிய கரட்டும் பாதிக் கோவாவும் அன்று குப்பைக்குப் போகவில்லை.

இன்று உங்கள் கூடையில் என்ன மிஞ்சியிருக்கிறது? ஒருமுறை எடுத்துப் பாருங்கள், சகோதரிகளே!