அவருக்குத் தெரியாமல் கொடுத்த மருந்து!



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்யும் குடும்பம் எங்களுடையது. இந்தப் பகுதியில் வரும் கடிதங்களை ஒன்று விடாமல் படிப்பவள் நான். என் கதையை எழுத மட்டும் இத்தனை நாள் கூச்சமாக இருந்தது. நான் செய்த தவறை இன்னொரு சகோதரி செய்துவிடக் கூடாதே என்றுதான் இன்று எழுதுகிறேன்.

என் கணவர் கைராசிக்காரர். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாக வரும் கோர்வைப் புடவையில் எங்கள் தெருவில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால், கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். முதலில் நான் உட்கார்ந்தேன். அவர் குடிக்க ஆரம்பித்த பிறகு, கடனை அடைக்க நான் வெளியே வேலைக்குப் போக, ஏழாவது படித்த என் மகள் உட்கார்ந்தாள். புடவை அறுத்துக் கொடுத்து கூலி வாங்கிய அன்று அவர் வீடு வந்து சேர ராத்திரி பத்து மணி ஆகும். சட்டைப் பையில் பாதிப் பணம் இருக்காது. அப்புறம் முதலாளியிடம் முன்பணம். அதுவும் போதாமல் என் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

2019ல் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளும் ஊரே ஜேஜே என்று இருந்தது. நானும் வரிசையில் நின்று வேண்டிக்கொண்டேன். அந்த சமயத்தில்தான் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று போட்டிருந்தது. தோட்டை அடகு வைத்துப் பொடி வாங்கினேன். புளிக்குழம்பில் கலந்தேன்.

நாலாம் நாள் குடித்துவிட்டு வந்தவர், சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்குழி பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். 108க்குப் போன் செய்தோம். “இன்னாம்மா சாப்ட்டாரு?” என்று டாக்டர் கேட்டபோது முதலில் மறைத்தேன். பிறகு பயந்துபோய் பொட்டலத்தைக் காட்டினேன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “இந்த மாதிரிப் பொடியில டைசல்பிராம்ங்கிற மருந்து இருக்கலாம்மா. அது உடம்புல இருக்கும்போது குடிச்சா ரத்த அழுத்தம் இறங்கிடும், உயிரே போகலாம். நாங்களே நோயாளி கிட்ட எல்லாத்தையும் சொல்லி, அவர் சம்மதிச்சாதான் இதைக் கொடுப்போம். நீ புருஷனைக் காப்பாத்தறேன்னு கொல்லப் பாத்தியே!” என்றார். அந்த வார்த்தை அவர் காதிலும் விழுந்துவிட்டது.

பிழைத்து வந்தார். ஆனால், அன்றிலிருந்து என் கையால் ஒரு வாய் சோறு அவர் சாப்பிடவில்லை. கடையில் பரோட்டா வாங்கித் தின்றார். குடியும் நிற்கவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகளை மூடினார்கள். ‘காமாட்சி கண்ணைத் திறந்துட்டா’ என்று கற்பூரம் ஏற்றினேன். மறுநாளே அவருக்குக் கை நடுக்கம். மூன்றாம் நாள், “பாவு மேல எறும்பு ஊருதுடி” என்று வெறும் தறியைத் தட்டிக்கொண்டே இருந்தார். ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. மறுபடியும் ஆஸ்பத்திரி.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு, மூன்று நாள் ஆபத்தானது. நடுக்கம், வலிப்பு, இல்லாதது இருப்பது போல் தெரிவது எல்லாம் வரலாம். அதனால் டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வீட்டில் பூட்டி வைப்பது வைத்தியம் இல்லை.

மே மாதம் கடை திறந்தது. அவரும் போனார். நான் உடைந்துபோனேன். அப்போது ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. “அவர் வரலைன்னா பரவாயில்லை. நீ வா. குடிக்கிறவங்க வீட்டு ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு கூட்டம் நடக்குது” என்றிருந்தார்.

அந்த அம்மாதான் எனக்கு அந்தக் கூட்டத்தின் கதையையும் சொன்னார். 1935ல் அமெரிக்காவில் பில் என்ற பங்கு வியாபாரியும் பாப் என்ற டாக்டரும் சந்தித்தார்களாம். இரண்டு பேருமே மீள முடியாத குடிகாரர்கள். ஒருவர் கஷ்டத்தை இன்னொருவரிடம் பேசப் பேச குடிக்கும் ஆசை அடங்குவதைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏ.ஏ. 1957ல் நம் நாட்டுக்கும் வந்தது. பில்லின் மனைவி லோயிஸ் 1951ல் தோழி ஒருவருடன் சேர்ந்து குடும்பத்தினருக்காகத் தொடங்கியது ‘அல்-அனான்’. நம் சென்னையிலும் சாந்தி ரங்கநாதன் என்ற அம்மா, குடியால் கணவரை 1979ல் இழந்தவர், மூலையில் உட்கார்ந்து அழாமல் மறு வருடமே கணவர் பெயரில் அறக்கட்டளை தொடங்கினார். அதுதான் டி.டி.கே. ஆஸ்பத்திரி. 1992ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இதைக் கேட்டபோது, ‘பெரிய வீட்டுப் பெண்களுக்கும் இதே கதிதானா!’ என்று இருந்தது.

2021ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உறவுக்காரர் வீட்டுக்குப் போவதாக அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு சென்னைக்கு பஸ் ஏறினேன். ஒரு பள்ளிக்கூட அறையில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். கட்டணம் இல்லை, ரிஜிஸ்டரில் கையெழுத்து இல்லை, முழுப்பெயர் கேட்கவில்லை. அங்கே பேசுவது அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். ஒரு அக்கா எழுந்து பேசினார். என் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்தவர் போல அப்படியே சொன்னார். என்னால் வாய் திறக்க முடியவில்லை, அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு டம்ளர் டீ கொடுத்தார்கள்.

அங்கே கற்றுக்கொண்டது மூன்று விஷயம். அவர் குடிக்க நான் காரணம் இல்லை. அதை அடக்கவும் என்னால் முடியாது. குணப்படுத்தவும் என்னால் முடியாது. ஆனால், என் வாழ்க்கையை நான் சரி செய்யலாம். அதன்படி, ‘அவருக்குக் காய்ச்சல்’ என்று முதலாளியிடம் பொய் சொல்வதை நிறுத்தினேன். அவர் கடனை நான் அடைப்பதில்லை என்றேன். மகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். அத்தை, “பொம்பளைக்கு இவ்ளோ திமிரா?” என்று திட்டினார். தறி பத்து நாள் சும்மா நின்றது. எனக்குப் பயம்தான், இருந்தாலும் மாற்றிக்கொள்ளவில்லை.

நாலு மாதம் கழித்து அவராகவே கேட்டார். “வாரா வாரம் போறியே, அங்க இன்னாதான் பேசுவீங்க?” நான் ஒன்றை மறைக்காமல் சொன்னேன். பொடி கலந்ததற்கு முதன்முதலாக மன்னிப்பும் கேட்டேன். அடுத்த வாரம் அவராகவே சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். வெளியே வந்ததும் ஏ.ஏ. கூட்டம்.

அதோடு சுபம் என்று எழுத ஆசைதான். ஆனால், அந்த வருட தீபாவளிக்குக் கூட்டாளிகளோடு மறுபடி குடித்துவிட்டார். நான் கத்தவில்லை. மறுநாள் தலை குனிந்து கூட்டத்துக்குப் போனவரிடம் அங்கிருந்த ஒரு பெரியவர் கேட்டாராம்: “நீ நெசவாளிதானே? இழை அறுந்தா தறியையா கொளுத்துவே? முடிச்சுப் போட்டு மேல நெய்ய மாட்டியா?” அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. ‘இனி குடிக்கவே மாட்டேன்’ என்று சத்தியம் செய்வதும் இல்லை. ‘இன்னிக்கு மட்டும் வேணாம்’ என்பார். அவ்வளவுதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இந்தக் கஷ்டம் இருந்தால் முதலில் வெளியே சொல்லுங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, சுகாதாரத் துறையின் 104 எல்லாமே இலவச எண்கள். அடி, உதை என்றால் பெண்களுக்கான 181. அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைக் கேளுங்கள். 2025 பிப்ரவரியில் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தமிழக அரசு தொடங்கியுள்ளது. பக்கத்தில் ஏ.ஏ., அல்-அனான் கூட்டம் எங்கே, என்றைக்கு நடக்கிறது என்று ஆலோசகரிடம் விசாரியுங்கள். தனியார் மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். கட்டிப்போட்டு அடிக்கும் இடத்துக்கு அனுப்பாதீர்கள். தெரியாமல் கலக்கும் பொடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கோர்வைக்கு நான்தான் பக்கத்தில் உட்காருகிறேன். போன வாரம் புளிக்குழம்பு வைத்தேன். தட்டில் போடும்போது என் கை லேசாக நடுங்கியது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காஞ்சிபுரம்.