பச்சைப்பாசிகளில் ஒளியாற்றல் கடத்தல்

பச்சைப்பாசிகளில் ஒளியாற்றல் கடத்தல் என்பது, ஒரு பச்சைய மூலக்கூறு உள்வாங்கிய ஒளியின் ஆற்றல் அடுத்தடுத்த மூலக்கூறுகள் வழியாக வினைமையத்தைச் சென்றடையும் நிகழ்வாகும். கண்மாய், ஊருணி போன்ற நீர்நிலைகளில் வாழும் குளோரெல்லா, சீனிடெஸ்மஸ் போன்ற நுண்பாசிகளில் இது பெரிதும் ஆராயப்பட்டுள்ளது.

1932-இல் ராபர்ட் எமர்சனும் வில்லியம் ஆர்னால்டும் குளோரெல்லாவின் மீது மிகக் குறுகிய ஒளித்துடிப்புகளைப் பாய்ச்சினர். ஒரு துடிப்பில், ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகளுக்கு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு மட்டுமே வெளிவந்தது. பெரும்பாலான பச்சையம் வேதிவினையில் நேரடியாக ஈடுபடுவதில்லை. ஒளியைப் பிடித்துத் தரும் வேலையையே செய்கிறது என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது.

பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வில், புரதங்கள் பச்சைய மூலக்கூறுகளை ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் இடைவெளியில் நிறுத்தி வைத்துள்ளன. பச்சையம் 'பி' பெற்ற ஆற்றல், சற்றுக் குறைந்த ஆற்றல் நிலையுள்ள பச்சையம் 'ஏ'-வுக்குப் பெரும்பாலும் சில பிக்கோ வினாடிகளுக்குள் தாவுகிறது. இங்கே எலக்ட்ரான் கைமாறுவதாகப் பலர் எண்ணுவதுண்டு. அது சரியன்று. கிளர்வாற்றல் மட்டுமே நகர்கிறது. எலக்ட்ரான் இடம்பெயர்வது வினைமையத்தில்தான். ஒளித்தொகுதி இரண்டின் வினைமையமான பி680-இலிருந்து அது பியோபைட்டின் வழியாக, 'கியூஏ', 'கியூபி' என்னும் குயினோன்களுக்குச் செல்கிறது. இழந்த எலக்ட்ரானை நீர் ஈடுசெய்ய, ஆக்சிஜன் வெளிப்படுகிறது.

கரைசலில் தனித்திருக்கும் பச்சையம், கிளர்வுற்ற நிலையில் ஏறத்தாழ 5 நானோ வினாடியே நீடிக்கும். வினைமையம் மூடியிருந்தால், வந்து சேரும் ஆற்றலின் ஒரு பகுதி வெப்பமாகவும், மற்றொரு பகுதி 685 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளிர்வாகவும் கசிந்துவிடும்.

இந்தக் கசிவையே அளவுகோலாக்கியது மதுரையில் நடந்த ஓர் ஆய்வு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. குழந்தைவேலுவும் ஹென்றி டேனியலும் 1980-இல் இதனை வெளியிட்டனர். டையூரான் என்ற களைக்கொல்லியாகவும் அறியப்படும் டிசிஎம்யு, கியூபி அமரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு எலக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்துகிறது. உடனே ஒளிர்வு கூடுகிறது. அதுவரை வேதிவினைக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றலை இந்த ஏற்றம் காட்டுகிறது. எனவே இலை, பசுங்கணிகம், பாசி ஆகியவற்றில் ஆக்சிஜன் வெளியீட்டுத் திறனை அறிய ஒளிர்வின் உயர்வையே குறியீடாகக் கொள்ளலாம் என்று அவர்கள் காட்டினர். எளிய முறைதான், ஆனால் பயன் பெரிது. டேனியல் பின்னர் அமெரிக்காவில் பசுங்கணிக மரபணுப் பொறியியலில் புகழ்பெற்றார்.

மதுரைச் சமவெளியின் கோடை வெயில் போன்ற கடும் ஒளியில், களைக்கொல்லி இல்லாமலேயே வினைமையங்கள் நிரம்பி மூடிக்கொள்ளும். போக்கிடமற்ற ஆற்றல் தீவிர ஆக்சிஜனை உருவாக்கிச் செல்லைச் சிதைக்கக்கூடும். கரோட்டினாய்டுகள் இதனைத் தணிக்கின்றன. கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப்பாசியோ, ஒளி மிகும்போது தனிப்புரதம் ஒன்றை உருவாக்கி, மிகையாற்றலை வெப்பமாக வெளியேற்றிவிடுகிறது.