எஞ்சினுக்கும் மூச்சு முட்டும்!

குக்கரின் ஆவித் துவாரத்தில் ஒரு பருக்கை அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இல்லத்தரசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆவிக்கு நேர்வழி இல்லாவிட்டால் அது குறுக்கு வழியைத் தேடிக்கொள்ளும். வாசலில் நிற்கும் மோட்டார் காருக்கும் இதே நியாயம்தான்!

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் உண்டு. அவை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் வாயு இடுக்கு வழியாக நழுவி, கீழேயுள்ள கிராங்க் கேஸ் என்ற எண்ணெய் அறைக்கு வந்துவிடும். அதில் எரியாத பெட்ரோலும் நீராவியும் இருக்கும். எண்ணெய்த் துளிகளும் பனிபோல் கலந்துகொள்ளும். அதை வெளியேற்றாவிட்டால் எண்ணெய் சேறாகும். அழுத்தம் ஏறி, ஸீல்களைப் பிதுக்கிக்கொண்டு எண்ணெய் ஒழுகும்.

அந்தக் காலத்துக் கார்கள் இந்த வாயுவை ஒரு குழாய் வழியாகத் தெருவிலேயே விட்டுவிடும். நம் வீட்டுக் குப்பையை எதிர்வீட்டு வாசலில் கொட்டுகிற கதை! அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் 1943 ஜூலையில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கவிந்தது. யுத்த காலமாதலால், எதிரிகள் விஷவாயு வீசிவிட்டார்களோ என்றுகூட ஜனங்கள் பயந்தார்கள். வாகனங்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயிலில் மாறுவதே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் விஞ்ஞானி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். கிராங்க் கேஸ் வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரிக்க வேண்டும் என்று 1961-ல் கலிபோர்னியாவில் உத்தரவு பிறந்தது. 1963-ல் அமலுக்கு வந்தது. அதற்கு உதவுவதுதான் பி.ஸி.வி. வால்வு.

சாதாரண எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இந்த வாயுவும் தானே கூடப் போய்விடும். டர்போ எஞ்சினின் சமாசாரம் வேறு. டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. வேகமெடுக்கும்போது, இழுத்துக்கொண்டிருந்த இடமே எதிர்த்துத் தள்ளும் இடமாகிவிடுகிறது! ஆகையால் வால்வு மூடிக்கொள்ள, வாயு இன்னொரு குழாய் வழியாக டர்போவுக்கு முன்பக்கம் போகும்படி அமைக்கிறார்கள். அங்கே உறிஞ்சல் இருக்கும்.

வாயு போவது சரி. கூடப் போகும் எண்ணெய்? அடுப்புக்கு மேலே சுவரில் படியும் பிசுக்கைப்போல, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் அது படியும்; குளிர்ச்சி குறையும். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் எஞ்சின்களிலோ, காற்று நுழையும் வால்வைக் கழுவிவிடப் பெட்ரோல் வருவதில்லை. கரி ஏறிக்கொண்டே போகும்.

இதற்காக வழியில் வைப்பதுதான் ஆயில் காட்ச் கேன். உள்ளே தடுப்புத் தகடும் கம்பிவலையும் இருக்கும். வாயு அவற்றில் மோதி வளைந்து போகையில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு அடியில் வடியும். எல்லாக் காருக்கும் இது அவசியம் என்பதில்லை. உத்தரவாதக் காலம் முடியாத காரானால், விற்றவரைக் கேட்காமல் பொருத்த வேண்டாம்.

பொருத்துவதானால் நாலு விஷயம் கவனியுங்கள். குழாய் எண்ணெய்க்கு ஊறாததாக, பழைய குழாயைவிடக் குறுகாததாக இருக்கட்டும். டப்பா டர்போவின் சூட்டுக்கு எட்டி இருக்கட்டும். டர்போவுக்கு முன்னே போகும் வழியை மறந்துவிட்டு மற்றதில் மட்டும் பொருத்தினால், வேகமெடுக்கும்போது எண்ணெய் தப்பிப் போகும். வாயுவை வெளியே திறந்துவிடுவதும் கூடாது. நாற்றம் காருக்குள் வரும், இந்தியா உட்படப் பல நாடுகளில் விதிக்கும் விரோதம்.

டப்பாவை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். வடிவது காபி கலந்த மோர் மாதிரி இருந்தால் திகைக்காதீர்கள். எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த கோலம் அது. அதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றாமல், சாக்கடையிலும் கொட்டாமல், பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சீக்கிரம் சீக்கிரமாக டப்பா நிரம்புகிறதா? டப்பாவை மெச்சிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டினால், பெருஞ்செலவு வருமுன் தப்பிக்கலாம்.