ஒரு கணினி, இரண்டு டாம்கேட், ஒரே குக்கி

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஒரே கணினியில் இரண்டு டாம்கேட் ஓடுகின்றன. ஒன்று 8080 போர்ட்டில், மற்றொன்று 8081-இல். முதலாவதில் லாகின் செய்துவிட்டு இரண்டாவதில் நுழைந்தால், முதலாவது என்னை வெளியே தள்ளிவிடுகிறது. ஏன்?"

பழியை டாம்கேட் என்ற ஜாவா சர்வர் மேல் போடத் தோன்றும். ஆனால் அது தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்க்கிறது. நிரல்களை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு இன்ஸ்டன்ஸுக்கும் 'கேட்டலினா பேஸ்' என்று தனி அடைவைக் கொடுத்தால் போதும். அமைப்புக் கோப்பு, பதிவேடு, செயலிகள் எல்லாம் தனித்தனியாகிவிடும். 8080-ஐ மாற்றியவர்கள் நிறுத்துவதற்கான 8005-ஐ மாற்ற மறப்பதுண்டு. அப்போது இரண்டாவது எழுந்த வேகத்தில் படுத்துவிடும். அதை நிறுத்தக் கட்டளை கொடுத்தால் முதலாவது நிற்கும்! வாசகர் இதையெல்லாம் தாண்டி வந்துவிட்டார். அவர் மாட்டியது பிரவுசரிடம்.

லாகின் செய்ததும் சர்வர் ஒரு எண்ணைக் குக்கியாகத் தருகிறது. ஜாவா உலகில் அதன் பெயர் ஜேசெஷன்ஐடி. இதைச் செருப்பு டோக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலின் கிழக்கு வாசலில் ஒரு செருப்புக் கடை, மேற்கு வாசலில் இன்னொன்று. பக்தரிடம் ஒரு விசித்திரப் பழக்கம்: கோயிலுக்கு ஒரு டோக்கன்தான் பையில் வைப்பார், வாசல் எது என்று குறித்துக்கொள்ளவே மாட்டார். கிழக்கில் வாங்கியதை மேற்கில் நீட்டுகிறார். "இந்த நம்பர் நம்மிடம் இல்லையே" என்று மேற்குக் கடைக்காரர் புது டோக்கன் தருகிறார். பக்தர் பழையதை எறிந்துவிடுகிறார். திரும்பக் கிழக்குக்குப் போனால் அங்கும் அதே கதை, இன்னொரு புது டோக்கன். செருப்பு என்னவோ கடையில் பத்திரமாகத்தான் இருக்கிறது, கேட்டு வாங்கத்தான் வழியில்லை. அரை மணி நேரம் யாரும் வராவிட்டால் கடைக்காரரே அதைத் தூக்கிப் போட்டுவிடுவார். அந்தச் செருப்புதான் செஷன்; டாம்கேட்டில் அதன் இயல்பான ஆயுள் 30 நிமிடம்.

கோயில் என்பது ஹோஸ்ட் பெயர், வாசல் என்பது போர்ட். குக்கியைப் பிரவுசர் அடையாளம் காண்பது பெயர், ஹோஸ்ட், பாதை ஆகிய மூன்றால் மட்டுமே. இரண்டு செயலிகளும் வேறு வேறு பாதையில் இருந்தால் மோதல் வராது. இரண்டுமே வேர்ப் பாதையில் இருந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே பிரவுசர் லோக்கல் ஸ்டோரேஜ் விஷயத்தில் போர்ட்டைக் கறாராகப் பார்க்கிறது. 8080-இல் சேமித்ததை 8081-இலிருந்து படிக்க விடாது.

வரலாறு வேண்டுமென்றால் கொஞ்சம்: குக்கியை 1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி உருவாக்கினார். டாம்கேட் சன் நிறுவனத்தில் பிறந்து 1999-இல் அப்பாச்சிக்குப் போனது. குக்கிகளை போர்ட் பிரித்துவைக்காது என்று 2011-இன் ஆர்எஃப்சி 6265 வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. யாரும் மறைக்கவில்லை, நாம்தான் படிப்பதில்லை.

"எல்லாவற்றையும் கன்டெய்னரில் போடுங்கள், சரியாகிவிடும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். சரியாகாது. சர்வர் கன்டெய்னருக்குள் இருப்பது பிரவுசருக்கு எப்படித் தெரியும்? அதற்குத் தெரிவது அதே ஹோஸ்ட் பெயர்தான். இரண்டு இன்ஸ்டன்ஸ் ஓட்டினால் சேவை ஒருபோதும் நிற்காது என்ற விளம்பரமும் இதே ரகம். ஒரு செயலி நினைவகத்தைத் தின்றால் மற்றது பிழைக்கும், ஒன்றை மட்டும் மறுதொடக்கம் செய்யலாம். அந்த லாபம் உண்மை. மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வாசகர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒன்றை 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயரிலும் மற்றதை 127.0.0.1 என்ற முகவரியிலும் திறக்கட்டும். கணினி ஒன்றே, பிரவுசருக்கு மட்டும் இரண்டு ஹோஸ்ட். சண்டை நின்றுவிடும். நிரந்தரமாகத் தீர்க்க, ஏதாவது ஒரு இன்ஸ்டன்ஸின் கான்டெக்ஸ்ட் கோப்பில் செஷன் குக்கிக்கு வேறு பெயர் கொடுத்து அதை மறுதொடக்கம் செய்தால் போதும்.