நிறம் போனது, உப்பு போகவில்லை

நான் பிறந்தது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் கோலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. கோலட் பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அந்தக் காலத்தில் இந்தக் கரைத் துணிக்குச் சிவப்பு தந்தது மணலில் விளைந்த சாயவேர். 1856-ல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு வேரைத் தோண்ட ஆளில்லாமல் போனது. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு நான் பிழைக்கப் போன ஊர் திருப்பூர். அங்கே சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் பதினான்கு வருடம் இருந்தேன்.

பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் முழுதும் நூலில் பிடிப்பதில்லை. நூற்றுக்குப் பத்திலிருந்து நாற்பது பங்குவரை தண்ணீரோடு போய்விடும். வெயிலுக்கும் சோப்புக்கும் வெளுக்கக் கூடாது என்று செய்த பொருள் அது. பாக்டீரியாவுக்கும் எளிதில் மசியாது. அதனால்தான் ஆக்சிஜனேற்றம் தேவைப்படுகிறது.

எங்கள் லேபில் இப்படிச் செய்வோம். ஒரு லிட்டர் பீக்கரில் ரத்தச் சிவப்பாகச் சாயத்தண்ணி. ஆசிட் விட்டு பிஎச் அளவை மூன்றுக்கு இறக்குவோம். கொஞ்சம் அன்னபேதி போட்டுக் கலக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுவோம். சிவப்பு ஆரஞ்சாகும், ஆரஞ்சு வெளிறிய மஞ்சளாகும், சில நிமிடத்தில் அதுவும் போய்விடும். அன்னபேதியில் உள்ள இரும்பு பெராக்சைடை உடைக்கிறது. அதிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் என்ற துணுக்கு, நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம்கூடத் தங்காது. அதற்குள் பக்கத்தில் இருப்பதைக் கடித்துக் குதறிவிடும். பல சாயங்களுக்கு நிறம் தருவது இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ‘ஆசோ’ பிணைப்பு. அது அறுந்தால் நிறம் போச்சு. இந்த இரும்பு, பெராக்சைடு வினையை 1894-ல் எழுதிவைத்தவர் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேயர்.

பிறகு சுண்ணாம்பு போட்டால் இரும்பெல்லாம் துருச்சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது என்பது தனித் தலைவலி. ஓசோனில் சேறு கிடையாது, மின்சாரச் செலவு அதிகம். குளோரின் மலிவு, ஆனால் கரிமப்பொருளோடு சேர்ந்து வேறு நச்சுகளை உண்டாக்கும் என்பதால் எனக்கு அதில் எப்போதும் பயம்.

பெராக்சைடிலும் கை தவறினால் ஆபத்துதான். ஒரு முறை நான் கணக்குக்கு மேல் விட்டுவிட்டேன். மிச்சம் அடுத்த தொட்டிக்குப் போய், நாங்கள் வளர்த்துவைத்திருந்த பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. மறுபடி உயிர் பிடிக்க மூன்று வாரம் ஆனது.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒரு நாளை நினைத்து. புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் டம்ளரில் தண்ணீரை ஏந்தி ஓடிவந்தான். "சார், பாருங்க, சுத்தமா தெளிஞ்சிருச்சு. தொறந்து விட்டுரலாமுங்களா?" மீட்டரை விட்டுப் பார்த்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 6,200 மில்லிகிராம். வெளியேற்ற அனுமதித்த அளவு 2,100.

சாயம் நூலில் ஏற உப்பு வேண்டும். அடர்ந்த நிறமென்றால் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். காசிமேட்டுக் கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான். பெராக்சைடோ ஓசோனோ உப்பைத் தொடுவதே இல்லை. நிறம் போன தண்ணீரில் உடைந்த சாயத்தின் துண்டுகளும் மிஞ்சியிருக்கலாம். அவை கண்ணுக்குத் தெரியாது.

நொய்யல் ஆறு உப்பானது இப்படித்தான். பாசனத்துக்கென 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் கெட்டன. அவர்கள் விடாமல் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாமல், சவ்வு வழியே வடித்து, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுத்த பிறகே திறக்கலாம் என்றானது. அந்தத் தீர்ப்பால் எங்களுக்கு மாதக்கணக்கில் வேலை இல்லாமல் போனது. இருந்தும் அது சரியான தீர்ப்பு.

சவ்வு முறை இப்போது எங்கள் சென்னைப் பக்கமும் வந்துவிட்டது. கொடுங்கையூரில் 2019 முதல் நாளைக்கு நாலரைக் கோடி லிட்டர் நகரக் கழிவுநீரை வடித்து மணலி ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் இருக்கிறது. முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த ஆலைக்காரராவது தெளிந்த தண்ணீரை டம்ளரில் காட்டினால், டிடிஎஸ், அதாவது கரைந்த உப்பு, எவ்வளவு, மிஞ்சிய கரிமக் கழிவைக் காட்டும் சிஓடி எவ்வளவு என்று கேளுங்கள். முகத்துவாரத்திலோ பக்கிங்காம் கால்வாயிலோ மீட்டரை வைத்துப் பயனில்லை, அங்கே கடல்நீர் ஏறி இறங்கும். ஆலைக் குழாயின் வாயிலேயே, உங்கள் கண்முன் அளக்கச் சொல்லுங்கள்.