கழுத்தில் கட்டி, தோளில் செல் துண்டு

கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கும் அக்கா ஒருவருடன் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சென்றிருந்தேன். அவருடைய கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது. இல்லை என்று எழுதச் சொன்னவர், பின்னர் என் காதருகே குனிந்தார்.

"2009இல பட்ட செல் துண்டு தோளுக்க கிடக்குது தங்கச்சி. சொன்னா எங்க, எப்பிடி எண்டு கேப்பினம்."

சகோதரிகளே, இந்தப் பயம் எம்மில் பலருக்கு உண்டு. ஆனால் இதை மறைப்பது ஆபத்தானது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பலமான காந்தம். உடலிலுள்ள உருக்குத் துண்டு அதனால் அசையலாம், சூடேறலாம். கண்ணருகே கிடந்தால் பார்வையே பறிபோகலாம்.

அக்கா உண்மையைச் சொன்னார். முதலில் எக்ஸ்-றே எடுத்து, துண்டு கிடக்கும் இடத்தைப் பார்த்த பின்னரே வைத்தியர் ஸ்கான் பற்றி முடிவெடுத்தார். துண்டு எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது என்று கேட்டாரே தவிர, வேறெதுவும் கேட்கவில்லை.

இதே காந்தத்தைக் கொண்டு கட்டியின் இரசாயனத்தை அறியும் முறையும் உண்டு. அதன் பெயர் எம்.ஆர்.எஸ். வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலங்களில் கோலின் சேர்ந்த பொருட்கள் கூடுதலாக இருக்கும். அதைக் கணினி ஒரு கோட்டுப்படத்தில் உயர்ந்த முனையாகக் காட்டும். மூளைக் கட்டிகளுக்கு இம்முறை ஓரளவு வழக்கத்தில் உள்ளது. கழுத்திலோ எலும்பு, காற்று, கொழுப்பு யாவும் நெருங்கிக் கிடக்கின்றன. நாம் மூச்சு விடுகிறோம், எச்சில் விழுங்குகிறோம். இவையெல்லாம் சமிக்ஞையைக் குழப்புகின்றன. உலோகப் பல்லடைப்பும் செல் துண்டும் அருகில் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். பலமான காந்தம், கழுத்தை ஒட்டிப் பொருந்தும் சுருள், அசைவைத் திருத்தும் கணிப்பு என ஆய்வாளர்கள் இதைச் சீராக்க முயல்கின்றனர். கதிர்ச் சிகிச்சைக்குப் பின் எஞ்சியிருப்பது தழும்பா, நோயா என்று கத்தி வைக்காமலே அறிவதும் அவர்களது நோக்கங்களில் ஒன்று.

ஆயினும் இன்றும் நோயை உறுதிப்படுத்துவது பயொப்சி எனும் இழையச் சோதனையே. "கத்தி பட்டால் பரவும்" என்று அஞ்சி அதைத் தள்ளிப்போட வேண்டாம். காலம் கடத்துவதுதான் நோயை வளர விடுகிறது.

வாயில் 3 வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, மாறாத குரலடைப்பு, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தங்கியிருப்பவர்கள், அருகிலுள்ள அரச வைத்தியசாலையில் முதலில் காட்டி, கடிதம் பெற்று மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குச் செல்லலாம். புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ் மகரகமவுக்குப் போகிறது. பழைய எக்ஸ்-றே படங்கள் இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். உடம்பில் கிடக்கும் துண்டைப் பற்றி, கேட்கும் முன்பே நீங்களாகச் சொல்லுங்கள்.