கிணற்றுக்குள் இறங்கும் கேபிள்

எங்களில் பலர் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள். கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்துத் திராட்சைப் பந்தலும் வாழையும் தென்னையுமே எங்கள் பள்ளிச் செலவைத் தாங்குகின்றன. மலையைக் குடைந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரைக் கொண்டு லோயர்கேம்ப் மின்நிலையம் 1958ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்பே, 1937இல், ஜி. டி. நாயுடு கோவையில் மின் மோட்டார் செய்து காட்டிவிட்டார். ஆனால் மின்சாரத்தை மோட்டாரிடம் சேர்க்கும் கேபிளை யாரும் நினைப்பதில்லை. ஆகவே நாங்கள் அதைப் பற்றி எழுதுகிறோம்.

சென்ற கோடையில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டு ஆழ்குழாய் மோட்டார் கருகிவிட்டது. காயில் கட்டுகிறவர் பிரித்துப் பார்த்து, "மோட்டார் மேல் குற்றமில்லை. ஒரு ஜாயிண்ட் விட்டுப்போயிருக்கிறது, கேபிளும் மெல்லிசு" என்றார். பந்தல் வாடிய அந்த வாரத்தில் அவர்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கேபிள் நீளமாகவோ மெல்லியதாகவோ ஆனால் மின்தடை கூடும் என்று பௌதிக வகுப்பில் படித்திருக்கிறோம். 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டார் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டார் வரை 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளானால் வழியிலேயே ஏறக்குறைய 28 வோல்ட் தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டரானால் 11 வோல்ட்தான். 415 வோல்ட்டில் 28 என்ன பெரிது என்று கேட்கலாம். ஊரே மோட்டார் போடும் வேளையில் மின்கம்பத்திலேயே 360 வோல்ட்தான் இருந்தால்? வோல்ட் குறையக் குறைய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகும். புறப்படும் நேரத்தில் ஐந்தாறு மடங்கு இழுப்பதால் இழப்பும் அப்போது அதற்கேற்பக் கூடும். அலுமினியக் கம்பிக்குச் செம்பைவிட 1.6 மடங்கு மின்தடை உண்டு. ஆகையால் அது விலை மலிவு என்று வாங்குகிறவர்கள் பருமனைக் கூட்டித்தான் வாங்க வேண்டும்.

இனி ஜாயிண்ட். வெறும் முறுக்கும் மேலே பிளாஸ்டிக் டேப்பும் தண்ணீருக்குள் நிற்காது. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் ஒரே இடத்தில் இணைக்காமல் முன்னும் பின்னுமாக இணைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் செம்புக் குழலில் நுழைத்து நசுக்கி, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் மற்ற டேப்பைச் சுற்ற வேண்டும். பிறகு ஜாயிண்ட்டை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மெக்கர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே இறக்கலாம். ஒரு முனை விட்டுப்போனால் மோட்டார் மற்ற இரண்டு முனைகளில் உறுமிக்கொண்டே கருகும். தோழி வீட்டில் நடந்தது இதுதான். மோட்டாரைக் கேபிளால் தொங்கவிடுவதும் தவறு. அதற்குக் கயிறு இருக்கிறது.

பொறியியல் படிக்கும் அண்ணன்மார் கணினி சொற்படி மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தை வீட்டிலேயே செய்கிறார்கள். அதிலுள்ள சிறு ஸ்டெப்பர் மோட்டாருக்கும் இதே கவலைதான். அங்கே கேபிள் ஓயாமல் வளைவதால், பல மெல்லிய இழைகள் சேர்ந்த கம்பியும், திருகிப் பூட்டும் கனெக்டரும் வேண்டும். மின்சாரம் ஓடும்போது கனெக்டர் கழன்றால் மோட்டாரை ஓட்டும் டிரைவர் பழுதாகிவிடக்கூடும்.

தோழி வீட்டில் புதுக் கேபிள் இறக்கியாயிற்று. அதன் பருமனையும் ஜாயிண்ட் போட்ட தேதியையும் அவள் அப்பா ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்.